லண்டன் நின்ற பிற்பகல்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைத் தேநீருக்கு அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்றவனை மறக்காமல் கூப்பிட்டதற்கு நன்றி. ஆளுக்கொரு கேள்வி கேட்டீர்கள். கடைசியில் ஹவுன்ஸ்லோவிலிருந்து வருகிற அந்தப் பிள்ளை, பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகக் கேட்டாள்: "அங்கிள், உங்கட சேர்விஸிலை நீங்கள் செய்த பெஸ்ட் வேலை எது?" நான் யோசிக்காமல் சொன்னேன்: "ஒரு கம்ப்யூட்டரை நிப்பாட்டினது." எல்லோரும் சிரித்தீர்கள். கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். பகிடி இல்லை. உங்களுக்கு அடுத்த மீட்டிங் இருந்தது, அதனால் கதையை அங்கே விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நேரமில்லாதவர்கள் மீட்டிங்குக்குப் போகலாம், எனக்குக் கோபமில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கரீபியன் தீவுகளில் உள்ள கல்லூரிகளையும் ஆராய்ச்சி நிலையங்களையும் மின்னஞ்சலால் இணைக்கும் திட்டம் ஒன்று எங்கள் பிரிவுக்கு வந்தது. இன்றைக்கு உங்களுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றாது. அன்று அந்தத் தீவுகளுக்கு நிரந்தர இணைப்பு என்று எதுவும் இல்லை. ஒரு சாதாரணத் தொலைபேசி, அதில் ஒரு மோடம், அதற்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். நாளுக்குச் சில தடவை ஒரு கம்ப்யூட்டர் மற்றதை அழைக்கும். சேர்த்து வைத்த கடிதங்களைக் கொடுக்கும், வாங்கும், போனை வைத்துவிடும். அவ்வளவுதான். காலையில் எழுதிய கடிதம் மாலைக்குள் கடல் தாண்டிப் போனதென்றால் நாங்கள் கைதட்டுவோம்.

பணம் தந்தவர்கள் கூடவே ஒரு படமும் தந்திருந்தார்கள். நடுவில் லண்டன், சுற்றிவரத் தீவுகள். லண்டனிலிருந்து ஒவ்வொரு தீவுக்கும் ஒரு கோடு. தீவுக்கும் தீவுக்கும் நடுவில் கோடே இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் இருக்கும் இரண்டு பேர் கதைக்க வேண்டுமென்றாலும் கடிதம் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் இருந்த கம்ப்யூட்டருக்கு வந்துதான் திரும்பிப் போகும். அதில் ஒரு பிழை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தீவுகளுக்குக் கப்பலும் தபாலும் தொலைபேசியும் காலங்காலமாக லண்டன் வழியாகத்தான் போயிருக்கின்றன. பழகிப்போன வழி யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், தீவுக்கு ஒருவராகச் சிலர் எங்களிடம் பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்தியை மார்வா என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மைப் பெயரைப் போட்டால் அடுத்த விமானத்தில் வந்து என்னை ஏசுவாள். இருப்பதிலேயே சின்னத் தீவு அவளுடையது. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கணக்குப் படிப்பித்தாள். கல்லூரியின் ஒரே கம்ப்யூட்டரும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. அவள் பேசியது ஆங்கிலம். ஆனால் தீவுக்காரியின் ஆங்கிலம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் யாழ்ப்பாணப் பேச்சாகவே காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எல்லோரிடமும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து ஒரு கேள்வி கேட்டோம். உங்கள் கம்ப்யூட்டருக்கு மிக அருகில் உள்ள அயல் கம்ப்யூட்டர் எது? சுலபமான கேள்வி. வந்த விடை எல்லாம் ஒன்றே: லண்டன். கடலுக்கு அப்பாலிருந்து பல மணி நேரம் விமானத்தில் பறந்து வந்து இறங்கிய களைப்பு முகத்தில் தீராமல் இருக்கும்போதே, லண்டன்தான் அருகில் என்று எழுதியிருந்தார்கள். பெரிய தீவுக்காரர் சின்னத் தீவின் பெயரை எழுத மாட்டார். சின்னத் தீவுக்காரருக்குப் பெரிய தீவின் பெயரை எழுத மனம் வராது. லண்டன் என்று எழுதினால் ஒருவருக்கும் குறைச்சல் இல்லை. மார்வாவும் லண்டன் என்றுதான் எழுதியிருந்தாள். தாள்களை நான் சத்தமாக வாசித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கடை வகுப்பறை ஜன்னலாலை பாத்தால் பக்கத்துத் தீவின்ரை மலை தெரியும்" என்றாள். "அங்கை மழை இருட்டினால் இஞ்சை நாங்கள் ஓடிப்போய்க் கொடியிலை கிடக்கிற உடுப்பை எடுப்பம். அவ்வளவு கிட்ட. நான் என்னெண்டு லண்டன் எண்டு எழுதினன்?"

அவளுக்கு அது வெறும் வேடிக்கை இல்லை. அவளுடைய கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லை. அதனால் மாணவிகள் இரண்டாம் ஆண்டுக்கு அந்த மலைத் தீவுக்குப் போய்த் தங்க வேண்டும். அவர்களில் பாதிப்பேர் பிள்ளை பெற்ற பெண்கள். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு ஒரு வருடம் போய் இருப்பது? ஒவ்வொரு ஆண்டும் சிலர் படிப்பை விட்டுவிடுவார்கள். மின்னஞ்சல் ஒழுங்காக ஓடினால் அங்குள்ள விரிவுரையாளர் பாடத்தை எழுதி அனுப்பலாம், இவர்கள் விடை எழுதித் திருத்தி வாங்கலாம், வீட்டிலேயே இருக்கலாம். மார்வா லண்டனுக்கு வந்தது அதற்காகத்தான். ஆனால் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, திட்டத்தின் அடுத்த கட்டத்தில் அவள் தீவைக் கழற்றிவிடும் யோசனை இருக்கிறது என்று. லண்டனிலிருந்து அவ்விடத்துக்கு லைன் மோசம், ஆட்களும் குறைவு. குளிர்காலம் முடிவதற்குள் நிதிக்குழு கூடி முடிவு செய்யும்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு ஈரப்பலாக்காய், அதுதான் சீமைப்பலா, சாப்பிட ஆசை. லண்டனில் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாத விஷயம் பல உண்டு, இது அதில் ஒன்று அல்ல. நான் அப்போது கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் குடியிருந்தேன். ரயிலடிக்குப் பக்கத்தில் குணம் அண்ணையின் மளிகைக் கடை. அழைத்துக்கொண்டு போனேன்.

"அண்ணை, இவ எங்களோடை படிக்க வந்திருக்கிறா. தீவாள்."

"எந்தத் தீவு? நயினாதீவோ?" என்று யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவைச் சொல்லிக் குணம் அண்ணை கண்ணைச் சிமிட்டினார்.

"ஓம், அதுக்குக் கொஞ்சம் மேற்காலை."

மார்வா ஈரப்பலாக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா கையில் கடிதத்தோடு உள்ளே வந்தார். "அண்ணை, ஆரும் போகினமோ?" என்று கேட்டார். "நோர்பரியிலை இருந்து ஒருத்தர் செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போறார். போட்டிட்டுப் போங்கோ" என்றார் குணம் அண்ணை. அந்த அம்மா கடிதத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிட்டுப் பருப்பு வாங்கப் போனார்.

இது என்ன என்று மார்வா கேட்டாள். போர் நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குத் தபாலை நம்ப முடியாது என்று உங்களில் சிலருக்கு உங்கள் அம்மா அப்பா சொல்லியிருப்பார்கள். லண்டனில் இருந்தவர்கள் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். கொழும்புக்குப் போகிறவர் கொழும்பில் ஒருவரிடம் கொடுப்பார். அவர் வவுனியாவுக்குப் போகிறவரிடம் கொடுப்பார். அங்கிருந்து யாரோ ஒருவர், பிறகு ஒரு வள்ளம், பிறகு ஒரு சைக்கிள். ஒரு பாதையைப் பூட்டினால் மற்றப் பாதையால் போகும். எல்லாவற்றையும் பூட்டினால் யாரோ ஒருவர் வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று கொண்டுபோகிறவர் கேட்பதில்லை. அந்தப் பக்கம் போக ஆள் இருக்கும்போது யாரும் கையில் வைத்துக்கொண்டிருப்பதில்லை. தந்த ஆளிடமே திருப்பிக் கொடுப்பதுமில்லை. என் அம்மாவுக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் இப்படித்தான் போயின. பிந்திப் போயின, ஆனால் போயின.

"இதுக்கு ஆர் பொறுப்பு?" என்று மார்வா கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை."

அவள் ஈரப்பலாக்காயை இடுப்பில் அணைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சிவா, உங்கடை கடிதத்தை உப்பிடி அனுப்பிப்போட்டு, எங்கடை கடிதத்தை மட்டும் ஏன் லண்டனுக்கு இழுத்துக்கொண்டு வாறியள்?"

நான் படித்த படிப்பில் அந்த பிஸ்கட் டின்னுக்குப் பெயர்கூட இருந்தது: வாங்கி வைத்து அனுப்பும் முறை. பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். வாராவாரம் அதில் கடிதமும் போட்டேன். இரண்டும் ஒன்று என்று அந்தக் கடையில் நின்ற அன்றைக்குத்தான் எனக்குச் சந்தோஷத்தோடு விளங்கியது.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. ஒவ்வொரு தீவும் முதலில் லண்டனை முயற்சி செய்யட்டும். கிடைக்காவிட்டால், அல்லது கடிதம் பக்கத்துக்குத்தான் என்றால், அயல் தீவை அழைக்கட்டும். வாங்கியதை அந்தப் பக்கம் போகும் யாரிடமாவது கொடுக்கட்டும், தந்தவரிடம் மட்டும் வேண்டாம். கம்ப்யூட்டருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. மனிதர்களுக்குத்தான் கஷ்டம். பெரிய தீவிலிருந்து வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தன் கம்ப்யூட்டர் சின்னத் தீவுகளின் தபால்காரன் இல்லை என்றார். மார்வா அவர் பக்கம் கதிரையைத் திருப்பினாள்.

"ஒவ்வொரு வருஷமும் புயல் வரும். உங்கடை லைன் விழும். அண்டைக்கு உங்கடை கடிதத்தை ஆர் கொண்டுபோறது?"

அவர் கட்டிய கையை எடுத்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு அவளுடைய கல்லூரியின் போன் நம்பரைக் கேட்டார்.

என் மேலாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்துப் பெண்மணி, அதிகம் பேச மாட்டார். அவரிடம் புதிய கோடுகள் போட்ட படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒளித்துச் செய்தால் வேகமாகச் செய்துவிடலாம் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் அதற்கு இடம் வைக்கவில்லை. "குழுவுக்குத் திறந்து சொல்வோம். லண்டன் மட்டும் போதுமா, இந்த அயல் கோடுகளும் வேண்டுமா என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். அதுவரை பரீட்சார்த்தமாக ஓட்டு" என்றார். அயல் கோடுகள் நிலைத்தால் மார்வாவின் தீவை அந்த மலைத் தீவு பார்த்துக்கொள்ளும், லண்டன் அழைக்கத் தேவையில்லை. நிலைக்காவிட்டால் அவள் தீவு வெளியே. இப்படி அவளுடைய மாணவிகளின் இரண்டாம் ஆண்டு எங்கள் படத்தில் இருந்த சில கோடுகளில் வந்து தொங்கியது.

பயிற்சி முடிந்து எல்லோரும் ஊருக்குப் போனார்கள். இரண்டு இரண்டு தீவுகளாகக் கோடுகளைச் சோதித்தோம். ஓடின. ஆனால் லண்டன் இல்லாமல் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்ததில்லை. லண்டன் இல்லாமல் போகும் என்று யார் நினைத்தார்கள்?

குழு கூடிய நாள் நல்ல குளிர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் கட்டடத்திலேயே கூட்டம். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, நெடிய மனிதர், சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. "ஒரு சின்னத் தீவுக்காக இவ்வளவு சுற்றுவழி தேவையா என்பதுதான் எனக்குப் புரியவில்லை" என்று தொடங்கினார். நான் திரையில் லண்டன் கம்ப்யூட்டரைக் காட்டி, தீவுகளிலிருந்து கடிதம் வந்து போவதை விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் திரை கறுத்தது. விளக்குகள் அணைந்தன. கீழே நிலவறையில் எங்கள் இயந்திரங்களின் இரைச்சல் எப்போதும் தரை வழியாக லேசாகக் கேட்கும். அதுவும் நின்றது.

அந்த வாரம் முழுக்கப் பின்பக்கம் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. தோண்டியவர்கள் எங்கள் பகுதிக்கு வரும் மின் கேபிளை அறுத்துவிட்டார்கள்.

நான் வெளியே தாழ்வாரத்துக்கு ஓடினேன். எங்கள் தொழில்நுட்பவியலாளர் பக்கத்துத் துறையிலிருந்து ஒரு கேபிளை இழுத்து லண்டன் இயந்திரத்தை மட்டும் உயிர்ப்பிக்கலாம் என்றார். முடியலாம். ஆனால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவருக்கே தெரியாது. இன்னொரு வழி, மன்னிப்புக் கேட்டுக் கூட்டத்தை ஒத்திவைப்பது. ஒத்திவைத்தால் அந்த நிதியாண்டுக்குள் அவர்கள் மறுபடி கூட மாட்டார்கள். பழைய படம்தான் நிற்கும். மேலாளர் என் பின்னால் வந்து நின்றார்.

"உள்ளே போய் நான் என்ன சொல்லட்டும்?"

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, உங்களை நிற்கச் சொல்கிறேன். இப்படியான நேரத்தில் கை தானாகவே உடைந்ததைத் திருத்தப் போகும். நாங்கள் திருத்துவதற்குப் பழக்கப்பட்டவர்கள். திருத்தினால் மனதுக்கு ஆறுதல். ஆனால் உடைந்தது எது, உடையாமல் இருப்பது எது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். எங்கள் லண்டன் இயந்திரம் செத்துக் கிடந்தது. தீவுகளில் எதுவும் உடையவில்லை. அங்கே அப்போது காலை நேரம், எல்லா மோடமும் உயிரோடு இருந்தன. நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையா என்று பார்க்க இதைவிட நல்ல பிற்பகல் வராது.

"லண்டன் போய்விட்டது என்று சொல்லுங்கள். இதுதான் சோதனை என்று சொல்லுங்கள்" என்றேன்.

"இதை முன்பு செய்து பார்த்திருக்கிறாயா?"

"இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி. பிழைத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். சரிவந்தால் நீயே பேசு" என்றார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். என் வாழ்க்கையில் எனக்கு மேலே இருந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வாக்கியத்தைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கூட்ட அறையில் தொலைபேசி மட்டும் வேலை செய்தது. அந்தக் காலத்துப் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். நான் குழுத் தலைவரிடம் சொன்னேன்: "ஐயா, தெற்குக் கோடியில் உள்ள தீவை நீங்களே அழையுங்கள். நேற்றே எழுதி வைத்திருக்க முடியாத எதையாவது வடக்கே இருக்கும் மார்வாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கடிதத்தின் முடிவில் இந்த அறையின் போன் நம்பரைப் போடச் சொல்லுங்கள். அவள் கைக்குக் கிடைத்தால் அவளே எங்களை அழைப்பாள். நாங்கள் யாரும் அவளோடு பேசப் போவதில்லை."

தலைவர் யோசித்தார். அந்த வாரம் இங்கிலாந்து அணி அந்தப் பக்கம் கிரிக்கெட் சுற்றுப்பயணத்தில் இருந்தது. அன்றுதான் நடுவில் உள்ள ஒரு தீவில் டெஸ்ட் தொடக்கம், சற்று முன்புதான் டாஸ் போட்டிருப்பார்கள். "டாஸ் யார் வென்றது, இங்கிலாந்து அணித் தலைவர் எடுத்த முடிவைப் பற்றி உங்கள் கருத்து என்ன, இதை எழுதி அனுப்புங்கள்" என்று தெற்குத் தீவுக்காரரிடம் போனில் சொன்னார். மறுபக்கத்தில் அந்த மனிதர் குஷியாகிவிட்டார் என்பது எங்களுக்கே கேட்டது.

பிறகு காத்திருந்தோம். தெற்கிலிருந்து அந்த நடுத் தீவுக்கு, அங்கிருந்து மலைத் தீவுக்கு, அங்கிருந்து மார்வாவுக்கு. அதுதான் நான் எதிர்பார்த்த வழி. தேநீர் வந்தது, மின்சாரம் இல்லாததால் பக்கத்துக் கடையிலிருந்து. வெப்பமூட்டியும் நின்றுவிட்டதால் ஒவ்வொருவராகக் கோட்டு எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் மனதில் கணக்குப் போட்டிருந்த நேரம் தாண்டிவிட்டது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. டெஸ்ட் நடப்பது அந்த நடுத் தீவில்! அங்கே கல்லூரி அலுவலகத்தில் இருந்தது ஒரே போன். மோடமும் அதில்தான். டெஸ்ட் நாளில் ஸ்கோர் கேட்டு ஊரெல்லாம் போன் அடிக்கும், இவர்களும் ஊருக்கெல்லாம் அடிப்பார்கள். அந்த லைன் மாலை வரை ஓயாது.

என் கை மேசையில் இருந்த போனை நோக்கிப் போனது. நடுத் தீவை எப்படியாவது பிடித்து, போனை வைத்துவிட்டு மோடத்துக்கு வழிவிடுங்கள் என்று கத்த வேண்டும். மேலாளர் குனிந்து என் காதில் சொன்னார்: "நீ இதை எடுத்தால், அவள் அழைக்கும்போது இங்கே மணி அடிக்காது." எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தேன்.

மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். கட்டட வேலைக்காரர்களின் மேற்பார்வையாளர். கேபிளைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம், தொந்தரவுக்கு வருந்துகிறோம் என்றார். வாழ்க்கையில் நான் ஒரு மனிதருக்கு அவ்வளவு சுருக்கமாக நன்றி சொன்னதில்லை. தலைவர் தன் தாள்களை ஒன்றாக அடுக்கித் தோல்பைக்குள் வைக்கத் தொடங்கினார். ஓர் உறுப்பினர் தொப்பியைத் தேடினார். எனக்கு மார்வாவின் மாணவிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் ஒருவரைக்கூடக் கண்டதில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எல்லோரும் அந்த அறையில் நின்றதுபோல இருந்தது.

மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை மேலாளர் எடுத்தார். எடுத்துக் கேட்டுவிட்டுப் போனைத் தலைவரிடம் நீட்டினார்.

மார்வாவின் குரல் போனைத் தாண்டி எங்களுக்கெல்லாம் கேட்டது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. "எனக்கொரு கடிதம் வந்திருக்கு. வாசிச்சுப்போட்டு இந்த நம்பருக்கு அடிக்கச் சொல்லிக் கிடக்கு. வாசிக்கட்டோ?"

"தயவுசெய்து வாசியுங்கள், அம்மணி."

அவள் வாசித்தாள். டாஸை வென்றது இங்கிலாந்து. வென்றும் எங்களை முதலில் மட்டை பிடிக்க விட்டிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் நல்ல மனிதர்கள் யாராவது இங்கிலாந்து அணித் தலைவருக்கு ஒரு குடை அனுப்பிவைத்தால் புண்ணியம், ஏனென்றால் இந்த வெயிலில் அவர் நாளைக்கும் மைதானத்தில்தான் நிற்கப் போகிறார்.

"குடையா?" என்றார் தலைவர். பிறகு அவர் சிரித்தார். நெடிய உடம்பு முழுக்கக் குலுங்கியது. தொப்பி தேடியவர் மறுபடி உட்கார்ந்தார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கடிதம் உங்களுக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்டார்.

கடிதத்தின் தலையில் அது வந்த வழி இருக்கும். மார்வா அதைப் பார்த்து ஒவ்வொரு தீவாகச் சொன்னாள். டெஸ்ட் நடந்த தீவு அதில் இல்லை. லைன் கிடைக்காததால் தெற்குத் தீவு அதைக் கிழக்குப் பக்கத்துத் தீவுக்குக் கொடுத்திருந்தது. அது பெரிய தீவுக்குக் கொடுத்திருந்தது, தபால்காரன் இல்லை என்று சொன்னாரே அந்த மனிதரின் கம்ப்யூட்டர். அதுதான் மலைத் தீவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. நாங்கள் யாரும் அந்த வழியை யோசித்ததே இல்லை. போகிற ஆளிடம் கொடு என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம், அவை அப்படியே செய்திருந்தன.

"லண்டன் இதிலை இல்லை" என்று மார்வா கடைசியில் சொன்னாள். "ஏன், லண்டனுக்கு என்ன? ஏதும் பிரச்சினையோ?"

"லண்டன் இங்கே இருட்டில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அம்மணி" என்றார் தலைவர். "நீங்கள் யாரும் கவனிக்கவில்லை என்று தெரிகிறது."

அயல் கோடுகள் நிலைத்தன. மார்வாவின் தீவு உள்ளே வந்தது. வாக்கெடுப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, யாருக்கும் தாளைப் பார்க்கும் அளவுக்கு வெளிச்சமும் இல்லை. நான் அன்று ஃபாரஸ்ட் கேட்டுக்கு நின்றுகொண்டே ரயிலில் போனேன். இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. நேரே குணம் அண்ணையின் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "அப்ப உங்கடை கம்ப்யூட்டருக்கும் போறவையிட்டைக் குடுத்துவிடத் தெரியும் எண்டிறாய்" என்று சொல்லிவிட்டு, ஒரு பாக்கெட் முறுக்கை என் கையில் திணித்தார்.

அடுத்த ஆண்டு மார்வாவின் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவிகள் எல்லோரும் வீட்டிலிருந்தே படித்தார்கள். ஒருத்திகூட இடையில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு புயல்கள் வந்தன, லைன்கள் விழுந்தன. கடிதங்கள் சுற்றிப் போயின, பிந்தின, ஆனால் போயின. தொண்ணூறுகளின் நடுவில் தீவுகள் தங்களுக்குள் நிரந்தர இணைப்புகள் போட்டுக்கொண்டன. ஆண்டுக்கொரு தீவில் தாங்களே கூடித் தங்கள் படத்தைத் தாங்களே வரைந்தார்கள். எங்கள் லண்டன் இயந்திரத்தில் வந்து போகும் கடிதங்கள் மாதத்துக்கு மாதம் குறைந்தன. அதை நிறுத்திவிடலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பிரிவுக்குப் பெயர் வாங்கித் தந்த இயந்திரத்தை யாராவது தாங்களே நிறுத்துவார்களா என்றார்கள்.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிது. நீங்கள் ஒரு நாள் லீவு போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் உங்களுக்குப் பெருமையாக இருக்கும். எனக்கும் இருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெருமைக்காகக் கட்டியது எதுவும் நல்ல கட்டு இல்லை. உங்கள் கையை எடுத்த பிறகும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுங்கள்.

ஒரு சாதாரணக் காலையில் நானே கீழே போய் அதை நிறுத்தினேன். மேலே வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாராவது முறையிடுவார்கள் என்று அன்று முழுவதும் காத்திருந்தேன். ஒருவரும் அழைக்கவில்லை. சொன்னால் என்ன, கொஞ்சம் வலித்தது.

அடுத்த வாரம் மார்வா என்னைப் போனில் அழைத்தாள். அந்த ஆண்டுக் கூட்டம் அவளுடைய தீவில். நானும் வர வேண்டுமாம். ஈரப்பலாக்காய் சுட்டுத் தருவாளாம். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "சிவா, இன்னொண்டு" என்றாள். "அந்த லண்டன் மெஷினை நிப்பாட்டப் போறியளாம் எண்டு கேள்விப்பட்டம். எப்ப எண்டு முன்னமே சொல்லிப்போடுங்கோ. நாங்கள் ஆயத்தமாய் இருக்கவேணும்."

"மார்வா, அது போன கிழமையே நிப்பாட்டியாச்சு."

அவள் போனை விட்டு முகத்தைத் திருப்பி, தன் அறையில் இருந்தவர்களுக்கு அதை உரக்கச் சொன்னது கேட்டது. அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாது, எல்லோரும் ஒன்றாகக் கைதட்டிச் சிரித்தார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுத்து, பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.